தொப்பிக்கு அடித்த ஆணி

1955 செப்டம்பர் 18, ஞாயிறு

முட்டி வீங்கியிருக்கிறது. நேற்று கால்பந்து ஆட்டத்தில் எவனும் உதைக்கவில்லை. தானாகவே வீங்கிக்கொண்டது. ஐலா வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டாள். வீடு முழுக்க மீன் வறுவல் கடை வாசனை. "பேசாம உன்னைப் பேப்பர்ல பொட்டலம் கட்டி வித்துடலாம் டூகி" என்றாள். கட்டிய மனைவியிடம் இந்த மரியாதை. முப்பத்திரண்டு வயதில், கோட்டோரம் ஓடி ஆடுகிற ஒரு விங்கருக்கு வேறு என்ன கிடைக்கும்?

மத்தியானம் பஸ் பிடித்து கேர்ன்ஹில் வரிசைக்கு, சுரங்கத்துக்காரர்களின் வரிசை வீடுகளுக்குப் போனேன். அப்பா அடுப்படி நாற்காலியில் இருந்தார். பீனா அக்கா பார்லி சூப் வைத்திருந்தாள். அப்பாவின் கண்மணிகள் இப்போது ஒரு நொடிகூட நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கின்றன. நாற்பது வருஷம் சுரங்க இருட்டில் நிலக்கரியை முறைத்துப் பார்த்ததற்குக் கிடைத்த கூலி. முகத்துக்கு முன்னால் கையை நீட்டினால் கை என்று தெரியும், யார் கை என்று தெரியாது.

உட்கார்ந்ததும் கேட்டார், "தபால்ல ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"சரி, சரி. பெரிய ஆபீஸ்னா அப்படித்தான்."

அவ்வளவுதான் பேச்சு. என் பின்னால் அம்மா படத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் அந்த ஆணி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 20, செவ்வாய்

அந்த ஆணியைப் பற்றி ஒரு தடவையாவது நேராக எழுதிவிட வேண்டும். யாரிடமும்தான் சொல்ல முடியவில்லை, நோட்டிடமாவது சொல்லலாம்.

நாட்டுக்காக நான்கு ஆட்டம் ஆடியிருக்கிறேன். வியன்னா, கோபன்ஹேகன், லிஸ்பன், திரும்பவும் வியன்னா. நான்கும் வெளிநாட்டில். வரிசையில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நாட்டுக்கு ஆடினால் நீல வெல்வெட் தொப்பி தருவார்கள், வெள்ளி ஜரிகையும் குஞ்சமும் வைத்து. ஆனால் அது பக்கத்து நாடுகளான இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து இந்த மூன்று பேரோடு ஆடினவனுக்கு மட்டும்தான். மற்ற தேசத்தோடு எத்தனை ஆட்டம் ஆடினாலும் கை குலுக்கி ரயிலேற்றிவிடுவார்கள். விதி அப்படி. எனக்கே முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும்.

51-ல் வியன்னாவிலிருந்து வந்து இறங்கி நேராக கேர்ன்ஹில்லுக்குப் போனேன். வரிசையே வாசலில் நின்றது. அப்பா அன்று காலையிலேயே ஆணி அடித்து வைத்திருந்தார். அப்போது கொஞ்சம் பார்வை இருந்தது. "எங்கேடா தொப்பி?" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"பின்னால அனுப்புவாங்கப்பா."

இதுதான் நான் சொன்னது. நாலு வருஷமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏன் அப்போதே சொல்லித் தொலைக்கவில்லை? தெரியவில்லை. அந்த நீட்டின கை. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 2, ஞாயிறு

நேற்று ஒரு கோல் போட்டேன், இரண்டு போட வைத்தேன். கூட்டம் என் பெயரைச் சொல்லிப் பாடியது. எங்கள் டன்கெரன் ரோவர்ஸுக்கு எதிராக என்னைத் தடுக்க நின்ற பேக், தடுப்பாட்டக்காரன், இருபது வயதுப் பையன். இடது தோளைத் தாழ்த்தினேன். அவன் அந்தப் பக்கம் போனான், நான் கோட்டோரமாகப் போனேன். பதினோரு வருஷமாக இதே வித்தை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஏமாறுவார்கள். சிகரெட் பெட்டியோடு தருகிற பட அட்டையில்கூட என் படத்தின் பின்னால் இதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

ஏமாறாதவர் ஒருவர்தான். சின்ன வயதில் வரிசைக்குப் பின்னால் உள்ள சந்தில் அப்பாதான் எனக்கு பேக். ஷிஃப்ட் முடிந்து முகம் கழுவாமல் கரியோடு நிற்பார். நான் தோளைக் காட்டுவேன். அவர் அசையமாட்டார், காலை நீட்டிப் பந்தை எடுத்துவிடுவார். "உன் தோள்ல எனக்கு என்னடா இருக்கு? நான் பந்தைப் பாப்பேன்" என்று சிரிப்பார், பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒரு தடவைகூட நான் அவரைத் தாண்டியதில்லை.

அக்டோபர் 31, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. வேல்ஸ் ஆட்டம். ஹாம்ப்டன் பார்க், எங்கள் நாட்டு மைதானம். வரும் புதன் விட்டு அடுத்த புதன்.

ஆனால் ரிசர்வ். பதினொன்றில் இருக்கிற வலது விங்கருக்குத் தொடைத் தசை பிடித்திருக்கிறது. அவனுக்குச் சரியாகவில்லை என்றால் நான். ஐலா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேர்ன்ஹில்லுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பக்கத்து வீட்டு கில்ஹூலி மாமாவும் இருந்தார். அப்பாவோடு ஒரே சுரங்கத்தில் கரி வெட்டும் ஒரே முகப்பில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், இப்போது அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது அவர்தான். "வாட்டி, ஆணிக்கு வேலை வந்துடுச்சு போல" என்றார். வால்டர் என்கிற அப்பா அவர்களுக்கெல்லாம் வாட்டி. அப்பா முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 6, ஞாயிறு

சர்ச்சில் உட்கார்ந்து இன்னொருவன் தொடை ஆறக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எழுதவே கூசுகிறது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

நவம்பர் 9, புதன்

காலையில் ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கிற புல்தரையில் அவனை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடினான். குதித்தான். திரும்பிச் சிரித்தான். நான் கை தட்டினேன். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஓவர்கோட் போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். ரிசர்வுக்குத் தொப்பி கிடையாது.

நவம்பர் 13, ஞாயிறு

அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அன்று அப்பா வீட்டு ரேடியோவைச் சுற்றிப் பதினாலு பேர் இருந்திருக்கிறார்கள். பதினோரு பெயரையும் வாசித்து முடித்ததும் எல்லாரும் அப்பா முகத்தைப் பார்த்தார்களாம். அப்பாதான், "சத்தத்தைக் கூட்டு பீனா, ஆட்டம் தொடங்கப் போகுது" என்றாராம். கடைசிவரைக்கும் கேட்டாராம்.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப பழைய நாலு ஆட்டத்துக்கு உள்ளது?"

"அது வரும்பா. எழுதிக் கேக்குறேன்."

கேட்டுக் கிழித்தேன். நல்ல சந்தர்ப்பம் அது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்போது இருமத் தொடங்கிவிட்டார். ஆமாம், இருமல்மேல் பழி போடு டூகல்ட் ரென்விக்.

டிசம்பர் 2, வெள்ளி

கிளப் பலகையில் நாளைய ஆட்டத்துக்கான பட்டியல் ஒட்டினார்கள். வலது விங்கில் என் பெயர் இல்லை. கிளப்பின் ரிசர்வ் அணியில் இருந்தது. மேனேஜர், "முட்டிக்கு ஓய்வு" என்றார். முட்டியை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

டாக்டர் அக்காவை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவின் நெஞ்சில் கரித்தூள் இறுகிவிட்டதாம். "வசந்த காலத்தைப் பத்தி இப்பப் பேச வேண்டாம்மா" என்றாராம். அக்கா அதைச் சொல்லிவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உருளைக்கிழங்கு உரித்தாள். தோலோடு பாதிக் கிழங்கும் போனது.

1956 ஜனவரி 2, திங்கள்

புத்தாண்டுக்கு வந்து போனவர்களால் அப்பா வீட்டுக் கதவு நேற்றும் இன்றும் மூடவே இல்லை. ராசிக்கு ஆளுக்கொரு கரித்துண்டு, ஆளுக்கொரு வாய் விஸ்கி. இன்று ஆட்டத்துக்கு என் பெயர் இல்லாததால் நானும் அங்கேதான் இருந்தேன்.

கால்டர் வந்தான். சுரங்கத்தில் எடை பார்க்கிறவன், நாக்கு மட்டும் நல்ல நீளம். இரண்டு வாய் உள்ளே போனதும் சுவரைப் பார்த்தான். "வாட்டி, ஆணி துருப்பிடிச்சுப் போச்சேய்யா! உன் மகன் வியன்னாவுக்கு ஆடப் போனானா, இல்ல வேடிக்கை பாக்கப் போனானா?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, புத்தாண்டுச் சிரிப்புதான். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறி, உதடு நீலமாகிவிட்டது. அக்கா முதுகைத் தேய்த்தாள். மூச்சு திரும்பினதும் அவர் சொன்னது, "என் பையன் பொய் சொல்ல மாட்டான் கால்டர். வரும்."

நான் பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். என்னடா செய்துட்ட நீ. என்ன செய்துட்ட.

ஜனவரி 4, புதன்

இன்று பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு ஹெக்டர் இம்ரியிடம் சொன்னேன். எங்கள் இடது பேக். வடக்கே மீன்பிடிக்கிற ஊர்க்காரன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரே ஒரு தடவை வேல்ஸோடு ஆடியிருக்கிறான், ஏழு வருஷத்துக்கு முன்னால். அவனிடம் ஒரே ஒரு தொப்பி இருக்கிறது.

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே முழுவதும் கேட்டான். கட்டி முடித்தான். அவிழ்த்தான். திரும்பக் கட்டினான்.

"எங்கம்மா வீட்டு அலமாரியில இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா எடுத்துத் தூசி தட்டுவாங்க."

"தெரியும்டா. கேட்டிருக்கக் கூடாது. விடு."

"கேட்டுட்டியே" என்றான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 7, சனி

இம்ரி வட்டமான அட்டைப்பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தான். "மழையில நனைக்காதே" என்றான். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை. "அப்பா இருக்கிறவரைக்கும்தான்" என்று நானாகச் சொன்னேன். 

வீட்டில் பெட்டியைத் திறந்தோம். ஐலா பெருமூச்சு விட்டாள், அத்தனை அழகு. ஆனால் நெற்றிப் பக்கத்தில் ஜரிகையில் தைத்திருக்கிறது: 1948–49. அதன் கீழே வேல்ஸின் முதல் எழுத்து. 48-ல் நான் ஆடினதெல்லாம் இந்த நாட்டுக்குள்தான். யாராவது படித்தால் முடிந்தது கதை. கத்திரிக்கோலை எடுத்தேன். ஒரு எண்ணைப் பிரித்துவிட்டால் போதும், திரும்பத் தைத்துக் கொடுத்துவிடலாம்.

ஐலா அதை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். "அது இன்னொருத்தனோட சொத்து டூகி. ஒரு நூலைத் தொட்டே, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். பொய் சொல்றதுன்னா உன் வாயால சொல்லு. அவன் தொப்பியால சொல்லாதே."

ஜனவரி 8, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

அப்பா பெட்டியைத் தானே திறக்க வேண்டும் என்றார். நாடாவை அவிழ்க்கவே வெகுநேரம் ஆனது. வெல்வெட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குஞ்சத்தை விரலில் சுற்றினார். அக்கா ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் கட்டைவிரலை நெற்றிப் பக்கத்தில் வைத்தார். மெதுவாக இடமிருந்து வலமாக. திரும்ப ஒரு தடவை. எனக்கு முதுகில் வேர்த்தது.

"என்ன எழுதியிருக்குடா?"

"ஐம்பத்தொண்ணுப்பா."

"வியன்னாவா?"

"வியன்னாதான்."

கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. அப்புறம் எடுத்துக்கொண்டார். "நல்ல தையல்" என்றார். "மாட்டு."

மாட்டப் போனபோது, "முன்பக்கம் சுவத்தைப் பாக்கட்டும். அடுப்புப் புகையில ஜரிகை கறுத்துப் போயிடும். யாரும் தொடவும் கூடாது பீனா, கரிக்கை, சொல்லிட்டேன்" என்றார். என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்பவே முடியவில்லை. நான் எப்படி மறைப்பது என்று இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

சாயங்காலத்துக்குள் வரிசை முழுவதும் வந்து பார்த்துவிட்டது. கால்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்பா அவனிடம் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. "உக்காரு, டீ குடி" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன். எழுதும்போது இல்லை.

ஜனவரி 22, ஞாயிறு

அப்பா படுக்கையை அடுப்படிக்கே மாற்றிவிட்டார்கள். படுத்தபடி கை நீட்டினால் குஞ்சம் எட்டும்.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஆணியில் தொப்பி இல்லை. 

"பெட்டியில வச்சுட்டேன்டா" என்றார் அப்பா, நான் கேட்பதற்கு முன்பே. "பாத்தவங்கல்லாம் பாத்தாச்சு. கட்டிலுக்கு அடியில மரப்பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. நான் இருக்கிறவரைக்கும் திறக்காதே. பூச்சி புகுந்துடும்."

நல்லதுதான். சுவரில் இருந்தால் யாராவது ஒரு நாள் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

பிப்ரவரி 9, வியாழன்

இம்ரியிடம், "சீக்கிரம் கொடுத்துடுறேன்டா, அப்பாதான் இன்னும்..." என்று இழுத்தேன்.

"அவசரமில்ல" என்றான். பிறகு, இம்ரியை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள், என் தோளில் கை வைத்தான். "உங்கப்பா கெட்டிக்காரர்."

இவன் எங்கே அவரைப் பார்த்தான்? சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறான் போல.

பிப்ரவரி 26, ஞாயிறு

பாதி எலும்பாகிவிட்டார். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் நீளமாக மூச்சு வாங்குகிறார். வியன்னாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நூறு தடவை சொன்னதுதான். மழை, சிவப்பு மண் ஓடுபாதை, என்னைத் துரத்திய மொட்டைத்தலை பேக். இது பொய்யில்லாத பகுதி என்பதால் எனக்கும் சொல்லப் பிடிக்கும்.

"அந்தத் தோள் வித்தையைக் காட்டு ஒரு தடவ."

"இங்கயாப்பா?"

"பின்ன ஹாம்ப்டன்லயா? காட்டுடா."

அக்காவின் கம்பளிக் காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கினேன். அப்பாவை எழுப்பிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தோம், கால் இரண்டும் தரையில். அடுப்படி விரிப்பில் நின்று தோளைத் தாழ்த்தினேன். முட்டி கடகடவென்றது. கண் இரண்டும் ஆடிக்கொண்டிருக்கிற மனுஷன், எதைப் பார்த்தாரோ, வெறுங்காலை நீட்டினார். காலுறை அவர் காலடியில் நின்றது.

"பிடிச்சுட்டேன்" என்றார். சிரித்தார், மூச்சு வாங்கினார், திரும்பவும் சிரித்தார். "ஆனா நல்லாத்தான் பண்ணே டூகி. ரொம்ப நல்லாப் பண்ணே."

என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எதற்கென்று தெரியவில்லை. குழந்தையாக இருந்தபோதுகூட அப்படித் தடவினதாக ஞாபகம் இல்லை.

மார்ச் 10, சனி

அப்பா போய்விட்டார்.

மூன்று மணிக்கு. நான் அப்போது ரிசர்வ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன், இருநூறு பேர் பார்க்கிற மைதானத்தில், சேற்றில். இடைவேளையில் வந்து சொன்னார்கள். பூட்ஸைக் கழற்றாமலே பஸ் ஏறினேன்.  ஏன்பா, ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. நான் வர்ற நாள்தானே. ஒரே ஒரு நாள்.

மார்ச் 11, ஞாயிறு

மரப்பெட்டியைத் திறந்தேன். அட்டைப்பெட்டி இருந்தது, நாடா கட்டினபடியே. நாடாவை அவிழ்த்தேன்.

உள்ளே இம்ரியின் தொப்பி இல்லை. அப்பா சுரங்கத்துக்குப் போட்டுப் போகும் பழைய துணித்தொப்பி இருந்தது. விளிம்பில் எண்ணெய், மடிப்பில் கரி. வேறொன்றும் இல்லை.

அக்காவைக் கேட்டேன். "பெட்டியில இல்லையா? அதை நான் தொட்டதே இல்லையே" என்கிறாள். மரப்பெட்டியைக் கவிழ்த்தேன், கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன், அலமாரி, கரிக்கூடை எல்லாம் பார்த்துவிட்டேன். பக்கத்து அறையில் அப்பா படுத்திருக்கிறார், நான் திருடன்போலத் துழாவிக்கொண்டிருக்கிறேன். யாராவது எடுத்துப் போனார்களா? யாரிடம் போய்க் கேட்பேன்? ஊரைப் பொறுத்தவரை அது என் தொப்பி.

இம்ரிக்கு இருந்தது அது ஒன்று. அவன் அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூசி தட்டுவார்களாம். இன்று ஞாயிறு.

மார்ச் 13, செவ்வாய்

கில்ஹூலி மாமா கயிற்று அட்டைகளைக் கொண்டுவந்தார். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, எட்டு ஆள். யார் எந்தக் கயிறு என்பதை அப்பா போன மாதமே சொல்லி, மாமா கையால் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, தலைமாடு, நான். இரண்டு, கால்மாடு, கில்ஹூலி. மூன்று, அப்பாவின் தம்பி. அதன் பிறகு நாலு —

ஹெக்டர் இம்ரி.

"மாமா, இது தப்பா இருக்கே."

"தப்பு ஒண்ணும் இல்ல. உங்கப்பா சொன்னாரு, நான் எழுதினேன்."

"அப்பா அவனைப் பாத்ததுகூட இல்லையே. ரத்த சொந்தத்துக்கும் கூட வேலை பாத்தவங்களுக்கும்தானே கயிறு? கால்டருக்கே கடைசிக் கயிறுதான் கொடுத்திருக்காரு."

"செத்தவர் பேச்சுக்கு நான் என்னத்தை விளக்கம் சொல்ல? அட்டையை நேத்தே தபால்ல போட்டாச்சு. வருவான்."

நாளைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பாவைக் குழியில் இறக்கும்போது எதிரில் நிற்பான்.

மார்ச் 14, புதன்

முடிந்தது. பெண்கள் வீட்டில் இருந்தார்கள், ஆண்கள் நடந்தோம். பாதிரியார் எண்ணைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் கயிறு எடுத்தோம். "நாலு" என்றதும் இம்ரி முன்னால் வந்தான், கறுப்பு கோட்டில், தலையைக் குனிந்துகொண்டு. கனமே இல்லை அப்பாவுக்கு. கயிறு கையில் வழுக்கிக்கொண்டு போனது.

எல்லாரும் டீக்குத் திரும்பியபோது நான் இம்ரியைக் கல்லறைச் சுவரோரம் நிறுத்தினேன். "ஹெக்டர், உன் தொப்பி... தொலைஞ்சு போச்சுடா. நான் தொலைச்சுட்டேன். என்னை என்ன வேணா செய்."

அவன் என்னையே பார்த்தான். "தொலையல. எங்கம்மா அலமாரியில இருக்கு. ஜனவரி கடைசியிலயே பார்சல் வந்துடுச்சு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தான். "மண்ணு விழுந்த பிறகுதான் காட்டணும்னு போட்டிருந்தாரு."

கில்ஹூலி மாமாவின் கையெழுத்து. வார்த்தை அப்பாவுடையது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன், காகிதத்தை இம்ரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது அவனுக்கு வந்த கடிதம்.

"தம்பி ஹெக்டர் இம்ரிக்கு, வால்டர் ரென்விக் சொல்லி எழுதுவது. உங்க தொப்பியை மூணு வாரம் என் சுவத்துல வச்சிருந்தேன். ஒருத்தர் கையும் படல. நாப்பத்தெட்டுல வேல்ஸோட ஆடின நம்ம டீம்ல யார் யாருன்னு கில்ஹூலி பழைய பேப்பர்ல பாத்துச் சொன்னாரு. இடது பேக் எங்க டூகி டீம்ல இருக்கிற ஆளுன்னதும் புரிஞ்சுபோச்சு. பெத்தவனுக்காக ஒருத்தன் கேட்டான்னு ஒரே தொப்பியைத் தூக்கிக் கொடுத்திருக்கீங்க. நான் போகும்போது ஒரு கயிறு பிடிங்க, நீங்க எனக்குச் சொந்தம். டூகிகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், என்மேல மண்ணு விழுந்த பிறகு இதைக் காட்டுங்க. அவன் தோளைக் காட்டினான், நான் பந்தைப் பாத்தேன். ஆனா கடைசியா ஒரு தடவையாவது அப்பனைத் தாண்டிட்டோம்னு அவன் நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இம்ரியும் பக்கத்தில் உட்கார்ந்தான். மழை தூறியது, அவன் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான்.

மார்ச் 15, வியாழன்

முடியவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

கில்ஹூலி மாமா வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். "எப்பத் தெரிஞ்சது அவருக்கு?"

"விரல் வச்ச உடனே. நீ பஸ் ஏறினதும் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்துன்னாரு. 'ஜரிகையைப் படி நெட்'னாரு. நான் படிச்சேன். 'நானும் அப்படித்தான் படிச்சேன்'னாரு."

"கோவப்பட்டாரா மாமா?"

மாமா புகை பிடிக்கிற பைப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். "கோவமா! அன்னைக்கு அவர் அழுததை நான் சொல்லக் கூடாது, சொல்றேன். 'வெளிநாட்டு ஆட்டத்துக்குத் தரமாட்டாங்க போல இருக்கு நெட். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தபால் வந்துச்சான்னு கேட்டுக் கேட்டு அவனைக் கொன்னிருக்கேன். அந்த ஆணியை நான் அடிச்சிருக்கக் கூடாது'ன்னாரு."

நாலு வருஷமாக நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்க இனி ஆளில்லை. அப்பா, கேக்குதா? நான் சொல்லியிருக்கணும். அந்தக் கையை நீட்டினீங்க பாருங்க, அப்பவே சொல்லியிருக்கணும்.

ஏப்ரல் 14, சனி

ஹாம்ப்டனில் இங்கிலாந்து ஆட்டம். இம்ரியிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. போகவில்லை. வீட்டுக் கொல்லையில் கிழங்கு நட்டேன்.

ஏப்ரல் 28, சனி

அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்ளும் ஆட்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். பதினேழு பெயர். இரண்டு தடவை படித்தேன், அகர வரிசைதான், ஒளிந்துகொள்ள இடமில்லை, என் பெயர் இல்லை. பதினோரு வருஷம். மேனேஜர் அறையில் டீ கொடுத்தார், என் கண்ணைப் பார்க்காமல் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஐலா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "அப்பாடா, வினிகர் மிச்சம்" என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் என் முட்டியில் தலை வைத்துக்கொண்டு அழுதாள்.

மே 19, சனி

கேர்ன்ஹில் வீட்டைக் காலி செய்தோம். சுரங்கத்து வீடு, சுரங்கத்தில் ஆள் இல்லை என்றால் வீடும் இல்லை. அக்கா எங்களோடு வருகிறாள். கால்டர் வண்டி கொண்டுவந்து சாமான் ஏற்றினான், வியர்க்க வியர்க்க.

அடுத்துக் குடிவரப் போகிற பெண் வாசலில் குழந்தையோடு நின்று எட்டிப் பார்த்தாள். "அந்த ஆணி இருக்கட்டுமாங்க? எதுக்கு அடிச்சது?"

"எங்க வீட்டு ஆணிம்மா" என்று சொல்லிக் குறடால் பிடுங்கினேன். நீளமான ஆணி. சுரங்கத்தில் மரச்சட்டத்துக்கு அடிக்கிறது. இத்தனை கனமான ஆணி ஒரு வெல்வெட் தொப்பிக்கு எதற்கு என்று அவர் யோசிக்கவே இல்லை.

வீட்டில் அடுப்படிச் சுவரில் அடித்தேன். ஐலா பிடித்துக்கொண்டாள். அப்பாவின் துணித்தொப்பியை மாட்டினேன், முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி.